‘பாலினேட்டர்’: தமிழில் என்ன போடலாம்? (முந்திரித் துண்டறிக்கைக்கு, அவசரம்)

கடலூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளுக்கு ஒரு துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பூ விரிந்திருக்கையில் மருந்து அடிக்காதீர்கள்; தேயிலைக் கொசு (தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சும் பூச்சி) மிஞ்சி அடித்தே தீர வேண்டுமென்றால் தேனீ கூடு திரும்பியபின், பொழுது சாய்ந்து அடியுங்கள்; வரப்புத் தும்பையையும் கொழிஞ்சியையும் களைக்கொல்லியால் அழிக்காதீர்கள், முந்திரி பூக்காத மாதங்களில் தேனீக்குச் சாப்பாடு அங்கேதான். இவ்வளவும் எழுதிவிட்டேன். ‘பாலினேட்டர்’ (pollinator, பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகும் உயிர்) வரும் இடத்தில் நிற்கிறேன். ‘மகரந்தச் சேர்க்கையாளர்’ சரியா?

விருத்தாசலத்திலிருந்து:
‘ஆளர்’ உயர்திணைக்கு உரியது அம்மா, தேனீக்கு ஒட்டாது. வினையோடு ‘இ’ சேருங்கள்: கொல், கொல்லி, வெட்டு, வெட்டி. மகரந்தம் வடசொல், பூந்தாது நம்முடையது. ஆகவே ‘தாதுகாவி’. காவுதல் சுமத்தல், காவடியைப் பாருங்கள். வண்டினத்தைத் தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பெயர் பிரித்து அழைத்த மொழி இது. ஞிமிறுதான் மிஞிறு என்றும் வரும், தசை சதை ஆனதுபோல. குறுந்தொகை 2ஆம் பாட்டின் ‘கொங்குதேர் வாழ்க்கை’யிலேயே (பூந்தாதைத் தேடும் தும்பியின் வாழ்க்கை) இந்தப் பொருள் முழுவதும் இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து:
ஐயா, மாட்டுத் தீவனக் கடையில் ‘தாது உப்பு’ விற்கிறார்கள். காவி என்றால் நிறம். இரண்டையும் சேர்த்து விவசாயி என்னவென்று படிப்பார்? மகரந்தச் சேர்க்கை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்ட சொல். ‘மகரந்தச் சேர்ப்பி’ போதும்.
இன்னொன்று. ‘தேனீ’ என்று சுருக்கிவிடாதீர்கள். முந்திரிப் பூங்கொத்தில் ஆண்பூவும் இருபால் பூவும் கலந்தே விரியும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்று அதிகம் தூக்கிப் போகாது. வெயில் ஏறும்போது போய்ப் பாருங்கள்: கொம்புத்தேனீ ஒவ்வொரு பூவாகத் தலையை நுழைக்கும், பக்கத்திலேயே ஈயும் எறும்பும் திரியும். மருந்து எல்லாவற்றின் மேலும்தான் விழுகிறது. இமிடாகுளோப்ரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்தென்றால் பூந்தேன் வரைக்கும் போய்விடும். வெளி வயலில் அதைத் தெளிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்ததே.

விருத்தாசலத்திலிருந்து:
பூந்தேன், நல்ல சொல். ஆனால் ‘சேர்ப்பி’? சேர்ப்பு கடற்கரை, சேர்ப்பன் நெய்தல் தலைவன். எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

சிதம்பரத்திலிருந்து:
நெய்வேலி தாண்டி ஒரு தோப்பிலும் அந்த நினைவு வராது ஐயா. என் ஓட்டு சேர்ப்பிக்கு.

கடலூரிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ‘மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள்’ என்று விரித்தே போடுகிறேன். நாலு பேர் தனிமடலில் சரி என்றார்கள்.

விருத்தாசலத்திலிருந்து:
துண்டறிக்கைக்குச் சரி. பாடநூலுக்கு ஆகாது. இலவம்பூவுக்கு வரும் வௌவால் பூச்சியா? தேன்சிட்டு பூச்சியா? ‘தாதுகாவி’யை நான் கைவிடவில்லை.