ஐ-லீக் 2018-19: சென்னை சிட்டி கோப்பை வென்ற சீசன், உன்னிப்பாகப் பார்த்தவர்களின் குறிப்புகள்

இந்தியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் அந்த சீசன் கோப்பை கடைசி நாளில்தான் முடிவானது; போட்டி சென்னை சிட்டிக்கும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கும். அந்த நாளைப் பற்றி யார் பேசினாலும் "ஈஸ்ட் பெங்கால் வாயருகே வந்த கோப்பையைக் கோவையில் தட்டிப் பறித்தார்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். புள்ளிப் பட்டியலை நிமிடவாரியாகப் போட்டுப் பாருங்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை.

2019 மார்ச் 9. ஆட்டம் தொடங்கும்போது சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39 (வெற்றிக்கு 3, ட்ராவுக்கு 1). சொந்த மைதானமான கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னைக்கு எதிரே முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில்.

3-வது நிமிடம் மினர்வாவுக்காக ரோலண்ட் பிலாலா கோல் அடிக்கிறார். அந்த நிலையில் சென்னை 40, கோழிக்கோட்டில் கோல் இல்லாததால் ஈஸ்ட் பெங்காலும் 40. சமமானால் முதலில் பார்ப்பது இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள். அந்த இரண்டையும் சென்னை 2-1, 2-1 என்று ஜெயித்து வைத்திருந்தது. ஆகவே தோற்றுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் முதலிடம் சென்னைக்கே. 56-ல் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ததும் 41-40. 69-ல் டிஃபண்டர் கௌரவ் போரா இரண்டாவதை அடித்ததும் கணக்கு 43-க்குத் தாவிவிட்டது. கோழிக்கோட்டில் முதலில் முன்னிலை பெற்றதே கோகுலம்தான். ஈஸ்ட் பெங்கால் திரும்பி வந்து 2-1 ஆக்கியது அதற்குப் பிறகு. கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்றும் போட்டு 3-1. முடிவு 43-42. அன்று மாலை ஒரு நிமிடம்கூட ஈஸ்ட் பெங்கால் முதலிடத்தில் இல்லை.

பயம் பொய்யில்லை என்பது வேறு விஷயம். கோழிக்கோட்டில் எப்போது வேண்டுமானாலும் ஒரு கோல் விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால் ட்ராகூட சென்னைக்குப் போதாது: 41-42.

* * *

கணக்கு சரி. ஆனால் அந்த நாள் வரை இழுத்துக்கொண்டு வந்ததே மார்ச் 1-ல் சர்ச்சில் பிரதர்ஸிடம் வாங்கிய 3-2 தோல்விதான். லீக் பட்டியலைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் புள்ளியோடு நிறுத்திக்கொள்ளாமல் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு 'எட்டக்கூடிய உச்சம்' என்று எழுதிவைக்க வேண்டும். இப்போதைய புள்ளி, கூட்டல் மீதி ஆட்டங்கள் பெருக்கல் மூன்று. அன்று ஈஸ்ட் பெங்கால் 36-ல், மீதி இரண்டு ஆட்டம், உச்சம் 42. சென்னை 40-ல். அன்றே ஜெயித்திருந்தால் 43, கதை முடிந்திருக்கும். ட்ரா செய்திருந்தால் 41, கடைசி நாளில் இன்னொரு ட்ராவே போதும்: 42-க்கு 42, நேருக்கு நேர் சென்னை. தோற்றதால் 40-லேயே நின்று, ஜெயித்தால்தான் நிச்சயம் என்ற நிலை.

இன்னொன்று. இரு அணிகளும் 13 ஆட்டம் வென்றவை. சென்னைக்கு 4 ட்ரா, 3 தோல்வி. ஈஸ்ட் பெங்காலுக்கு 3 ட்ரா, 4 தோல்வி. தங்களுக்குள் ஆடிய அந்த இரண்டும் ட்ரா ஆகியிருந்தால்? சென்னை 39, ஈஸ்ட் பெங்கால் 44. கோப்பையின் கனம் முழுக்க அந்த இரண்டு 2-1-களில் இருக்கிறது, மார்ச் 9-ல் இல்லை.

* * *

ஆட்ட முறையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் கோல்கீப்பரிடமிருந்தே பந்தைத் தரையில் நகர்த்திக் கட்டும் பாணியைக் கொண்டுவந்தார். அதற்கு முதுகெலும்பு மாதிரி ஒரு நேர்கோடு வேண்டும். கோலில் சந்தானா, பின்வரிசையில் எஸ்லாவா, நடுவில் சான்ட்ரோ, முன்னே நெஸ்டரும் மான்சியும். எல்லாம் ஸ்பெயினில் ஆடிப் பழகிய கால்கள். சுற்றிலும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் ஓடி அகலத்தைக் கொடுத்தார்கள். வெளிநாட்டு வீரர்களை ஆளுக்கொரு தேசத்திலிருந்து பொறுக்கி எடுக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். ஒரே நாட்டின் ஆட்டத்தில் பழகியவர்கள் என்பதால் முதல் ஆட்டத்திலேயே பாஸ் பொருந்தியது. இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் மான்சி ஹாட்ரிக்.

விலையும் உண்டு. 20 ஆட்டத்தில் 48 கோல் அடித்து 28 வாங்கினார்கள். ஈஸ்ட் பெங்கால் அடித்தது 37, வாங்கியது 20. பின்னாலிருந்து கட்டும் அணி தன் பாதியில் பந்தை இழந்தால், இரு ஓரத் தடுப்பாளர்களான ஃபுல்பேக்குகளும் அதற்குள் மேலே ஏறியிருப்பார்கள். எதிரணிக்குக் கோல் வரை இரண்டு பாஸ்தான் தூரம். மினர்வாவிடம் மூன்றாவது நிமிடத்திலேயே வாங்கியதுபோல, ஒன்று வாங்கிவிட்டுத் துரத்துவது இந்த மாதிரி அணிகளுக்குப் பழகிப்போன வேலை.

சீசனில் மான்சி அடித்தது 21 கோல். சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் 21. இதில் பலர் கவனிக்காதது மான்சியின் பங்கு: 48-ல் 21, அதாவது நூற்றுக்கு 44. ஒரே ஆளை இவ்வளவு நம்புவது ஆபத்து. கடைசி நாளில் பெனால்டிக்குப் பிறகு விழுந்த இரண்டையும் ஒரு டிஃபண்டர் போட்டதால் அந்த ஆபத்து யார் கண்ணிலும் படாமல் போனது.

* * *

ஈஸ்ட் பெங்கால் பக்கமும் நியாயமாக ஒரு வரி. அந்த சீசனில் அதே ஊர்ப் பரம எதிரி மோகன் பகானை இரண்டு டெர்பியிலும் வென்றார்கள், 3-2, 2-0. இந்தியர்களில் அதிகம் அடித்தவர் அவர்களுடைய ஜாபி ஜஸ்டின், 9 கோல். ஒழுங்கு நடவடிக்கையில் ஆறு ஆட்டத் தடை விழுந்ததால் கோழிக்கோட்டில் அவர் இறங்கவில்லை.

* * *

ரியல் காஷ்மீரையும் விட்டுவிடக் கூடாது. காஷ்மீரிலிருந்து முதல் பிரிவுக்கு வந்த முதல் கிளப், வந்த வருடமே மூன்றாமிடம், 37 புள்ளி. பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன், ஸ்காட்லாந்துக்காரர். ஶ்ரீநகர் டி.ஆர்.சி. மைதானம் செயற்கைப் புல். ஊரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,580 மீட்டர் உயரத்தில். சமவெளியிலிருந்து போகும் அணிக்கு மூன்று தொல்லை. காற்று மெலிவதால் நீண்ட பாஸ் நினைத்ததைவிடக் கொஞ்சம் தள்ளிப் போகும். செயற்கைப் புல்லில் பந்து வழுக்கி வேகமெடுக்கும். இயற்கைப் புல்லுக்கான நீண்ட ஆணி பூட்ஸ் போட்டு ஆடினால் திரும்பும்போது கால் மாட்டிக்கொண்டு முழங்கால் முறுக்கும். குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான ரப்பர் முளைகள் உள்ள பூட்ஸ்தான் சரி. இவற்றோடு பனி. பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்கால் அங்கே போனபோது பனிப்பொழிவால் ஆட்டம் தள்ளிப்போனது.

பிப்ரவரி 14-ல் புல்வாமா தாக்குதல் நடந்தது. 18-ம் தேதி ஆட்டத்துக்கு மினர்வா ஶ்ரீநகர் போகவில்லை. தள்ளிப்போன ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டு, ஈஸ்ட் பெங்கால் வென்றது. மேலே சொன்ன 'எட்டக்கூடிய உச்சம்' பத்தியில் இந்த மூன்று புள்ளியையும் வைத்துப் பாருங்கள். உயரம், டர்ஃப், குளிர் மூன்றும் இல்லாத இடத்தில் ஆடியது பட்டப் பந்தயத்தைக் கடைசி நாள் வரை உயிரோடு வைத்தது என்றே சொல்லலாம். கோப்பைக்காகப் போராடிய இரு அணிகளை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

* * *

ஆட்டங்களை மறுபடி பார்த்துக் குறிப்பெடுக்க நினைப்பவர்களுக்கு: 11 அணி, மொத்தம் 110 ஆட்டம். டிசம்பர் கடைசியிலிருந்து பல ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரவில்லை. அதனால் சீசனின் இரண்டாம் பாதியில் பல ஆட்டங்களுக்கு ஸ்கோரும் கோல் நிமிடமும் தவிர வேறு எதையும் நம்பி எழுத முடியாது. கோல் அடித்தவர் பெயரோடு நிமிடத்தையும் சேர்த்து எழுதிவைத்தால்தான் முதல் குறிப்பில் செய்ததுபோல நேரடிப் பட்டியலை மறுபடி கட்ட முடியும்.

* * *

கீழ்ப்பாதி: கடைசி இடம் ஷில்லாங் லஜாங், இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். இந்தியன் ஆரோஸ் கடைசியில் வந்திருந்தாலும் இறங்கியிருக்காது, அது அப்போது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் வளர்ப்பு அணி. அந்த சீசனின் இறக்கக் கணக்குப் போடும்போது அந்த வரிசையைத் தாண்டி எண்ண வேண்டும். பலர் அங்கேதான் தவறுகிறார்கள்.

மேற்பாதிக்கு ஒரு பின்குறிப்பு. சென்னை சிட்டிக்குக் கிடைத்த பரிசு ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. 2020 ஜனவரியில் பஹ்ரைனில் அல் ரிஃபாவிடம் 1-0 தோல்வி. மான்சி அதே மாதம் ஜப்பானுக்குப் போய்விட்டார்.