ஆர்கான் வெல்டிங்கில் துளை விழுகிறது, அவசர உதவி தேவை

காசிமேட்டுப் பட்டறை: வணக்கம். எவர்சில்வர் குழாயில் ஆர்கான் வெல்டிங் போடும்போது தையல் முழுவதும் சிறு சிறு துளைகள் விழுகின்றன. சிலிண்டர் புதியது, கேஸைக் கூட்டி வைத்தும் பயனில்லை. படகின் கைப்பிடிக் கம்பிகளை நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். என்ன காரணம்?

வியாசர்பாடி வெல்டர்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வைத்தீர்கள், டார்ச்சில் தீப்பொறி எழும் டங்ஸ்டன் முனை என்ன நிறத்தில் இருக்கிறது, வேலை நடப்பது உள்ளேயா வெளியேயா என்பதைச் சொன்னால்தான் எதையும் சொல்ல முடியும்.

சிலிண்டர் சந்தேகி: கேஸில்தான் கோளாறு. காற்றைக் குளிர்வித்துப் பிரிக்கையில் ஆர்கான் −186 டிகிரியிலும் ஆக்சிஜன் −183 டிகிரியிலும் கொதிப்பதால், இரண்டையும் பிரித்தெடுப்பது எளிதல்ல; உங்கள் ஆர்கானில் ஆக்சிஜன் கலந்திருக்கும். சிலிண்டரை மாற்றுங்கள்.

பழைய ஃபோர்மேன்: இதற்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்கும் பொறுமைதான் இக்காலப் பிள்ளைகளுக்கு இல்லை. கம்பியைத் தொடர்ந்து ஊட்டிப் போடும் மிக் வெல்டிங்கிற்கான கரியமில வாயுக் கலவையைப் பூட்டியிருப்பீர்கள், முதலில் லேபிளைப் படியுங்கள்.

காசிமேட்டுப் பட்டறை: லேபிளில் ஆர்கான் என்று மட்டுமே இருக்கிறது, ஐயா. இப்போது 22 லிட்டரில் ஓடுகிறது. டங்ஸ்டன் நீலம் பாய்ந்து கறுத்திருக்கிறது. காலையில் போட்ட தையல் சுத்தமாக வந்தது, மதியத்துக்குப் பிறகுதான் இப்படி. ஷட்டர் கடலைப் பார்த்து இருக்கிறது.

வியாசர்பாடி வெல்டர்: காலையில் நன்றாக இருந்த சிலிண்டர் மதியத்தில் கெட்டுப்போகாது, தம்பி. பிற்பகலில் எழும் கடற்காற்று உருகிய உலோகத்தின் மேல் நிற்க வேண்டிய ஆர்கானைத் தள்ளிவிடுகிறது. நீங்கள் கேஸைக் கூட்டக் கூட்ட, அது டார்ச் நுனியில் கேஸ் வெளிவரும் கப்பின் வாயில் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்றை மறைத்து 8 முதல் 10 லிட்டருக்குக் குறையுங்கள், கறுத்த முனையைத் தீட்டுங்கள், ஆர்க்கை அணைத்த பிறகும் கேஸ் நிற்கும்வரை டார்ச்சை எடுக்காதீர்கள். அப்படியும் துளை விழுந்தால் ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.

எண்ணூர் வாசகர்: அதற்காக ஷட்டரை இறக்கிவிடாதீர்கள். ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.38 மடங்கு கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும்.

பழைய ஃபோர்மேன்: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 0.93 விழுக்காடு ஆர்கான் இருக்கிறது. விஷமில்லாத ஒன்றுக்கு ஏன் இத்தனை பீதி?

எண்ணூர் வாசகர்: நிறமும் மணமும் இல்லாத வாயு ஆக்சிஜனை வெளியேற்றினால், விஷமில்லை என்பதால் மூச்சு நின்றுவிடாதா? படகின் மீன் கிடங்குக்குள் இறங்கி வெல்டிங் போடுபவர்களும் இதைப் படிப்பார்கள்.

பழைய ஃபோர்மேன்: அவர் செய்வது கைப்பிடி, கிடங்குக்குள் யார் இறங்கினார்கள்?

வியாசர்பாடி வெல்டர்: ஷட்டர் திறந்தே இருக்கட்டும். காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தை நிறுத்தினால் போதும்.

காசிமேட்டுப் பட்டறை: தகரம் நிறுத்தி 9 லிட்டரில் வைத்தேன், துளை இல்லை. நன்றி. குழாயின் உட்புறம் மட்டும் கருகித் திரிதிரியாக இருக்கிறது.

வியாசர்பாடி வெல்டர்: உட்புறத்துக்கும் ஆர்கான் வேண்டும். இரு முனைகளையும் டேப்பால் மூடி, ஒன்றில் ஹோஸைச் செருகி, மற்றதில் சிறு துளை விட்டு, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்வரை மெதுவாகச் செலுத்துங்கள். குழாயின் கனம் எத்தனை மில்லிமீட்டர்?