கட்டுநாயக்கவிலிருந்து பெந்தோட்டை ரிசார்ட்டுக்கு நள்ளிரவில் வேன்: ஹோட்டலிடமே சொல்வதா, வெளியே புக் பண்ணுவதா?

பல்லாவரம்காரி

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். நான், வீட்டுக்காரர், 9 வயசிலும் 4 வயசிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், ஆக ஆறு பேர். பெரிய பெட்டி நாலு, கைப்பை கணக்கில்லை. ஊர் சுற்றும் திட்டம் எதுவும் கிடையாது, பெந்தோட்டையில் கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருவதுதான்.

பிரச்சினை என்னவென்றால் சென்னையிலிருந்து 22ஆம் தேதி ராத்திரி கிளம்பும் ஃபிளைட் கட்டுநாயக்கவில் (அதுதான் கொழும்பு ஏர்போர்ட்) இறங்கும்போது மணி 12.25. அங்கிருந்து பெந்தோட்டை நூறு கிலோமீட்டருக்கு மேல். ரிசார்ட்டுக்கு மெயில் போட்டுக் கேட்டால் வேனுக்கு 90 டாலர் பிளஸ் பிளஸ் என்று பதில் வந்தது. ஆன்லைனில் ஒரு டிரான்ஸ்ஃபர் தளத்தில் அதே தூரத்துக்கு 58 டாலர் காட்டுகிறது. வீட்டுக்காரரோ, "இறங்கி ஊபர் போட்டுக்கொள்ளலாம், மீனம்பாக்கத்தில் போடுவதில்லையா" என்கிறார். மாமியாருக்கு முட்டி வலி, உயரமான படி ஏற மாட்டார். சின்னவனுக்கு வளைந்து வளைந்து போகிற ரோடு என்றால் வாந்தி வந்துவிடும்.

32 டாலர் மிச்சம் என்பது நல்ல தொகைதான், ஆனால் அர்த்தராத்திரியில் ஆறு பேரும் ஏர்போர்ட் வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

உறையூரான்

அக்கா, முதலில் சாரிடம் ஊபர் யோசனையை விடச் சொல்லுங்கள். ஊபரும், அதே மாதிரி அங்கத்திய ஆப்பான பிக்மீயும் கொழும்புக்குள் நன்றாகவே ஓடும், நான் திருச்சியிலிருந்து போகும்போதெல்லாம் ஊருக்குள் சுற்ற அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் நள்ளிரவு ஒரு மணிக்கு ஆறு பேரும் நாலு பெட்டியும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்றால் அது வேறு கதை. ஆப்பில் வருகிற கார்களில் பாதி வேகன் ஆர், அதில் மூன்று பேர் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமில்லை. வேன் கிடைத்தாலும் டிரைவர் போன் போட்டு எந்த ஊர் என்று கேட்பார், பெந்தோட்டை என்றதும் திரும்பி வர சவாரி கிடைக்காதே என்று கேன்சல் செய்துவிடுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்தது தேதி. உங்கள் டிக்கெட்டில் 22 என்று இருக்கும், ஆனால் நீங்கள் இறங்குவது 23ஆம் தேதி அதிகாலை 12.25. டிரான்ஸ்ஃபர் தளங்களில் பிக்கப் தேதி கேட்கும் இடத்தில் 22 என்று போட்டு நேரத்தை 00.25 என்று அடித்தால் வேன் ஒரு நாள் முன்னாடியே வந்து, காத்திருந்து, ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடும். பணமும் திரும்பி வராது. வாட்சப்பில் பேசும்போதுகூட "22 ராத்திரி" என்று மட்டும் சொல்லாமல் "22 முடிந்து 23 பிறக்கும்போது, அதிகாலை 12.25" என்று சொல்லிவிடுங்கள். நம்ம ஊருக்கும் அங்கேக்கும் நேரம் ஒன்றுதான், அதனால் அந்தக் கணக்கு மட்டும் வேண்டாம்.

58 டாலர் தளத்தில் நிபந்தனைகளைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். இலவசமாகக் காத்திருக்கும் நேரம் எத்தனை நிமிஷம், அது ஃபிளைட் உண்மையில் இறங்கிய நேரத்திலிருந்தா அல்லது நீங்கள் அடித்துக் கொடுத்த நேரத்திலிருந்தா என்று பாருங்கள். என் சித்தி குடும்பம் போனபோது (எந்தத் தளம் என்று சொல்லவில்லை) ஃபிளைட் இரண்டு மணி நேரம் தாமதம். அவர்கள் கொடுத்த நேரத்திலிருந்தே கணக்கு ஓடி, டிரைவர் போயே போய்விட்டார். ஹெல்ப்லைனில் பேசினால் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் பெண் மன்னிப்பு கேட்கிறாரே தவிர வண்டி வரவில்லை. ஃபிளைட் நம்பர் கேட்காத தளம் எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ஜன்னலோரம்

எதற்கு இவ்வளவு செலவு? 187 பஸ் பிடித்து கொழும்பு கோட்டைக்குப் போய் அங்கிருந்து அளுத்கமவுக்கு ரயில் ஏறினால் டாலருக்கு வேலையே இல்லை. கடலோரமாகவே போகிற ரயில், அவ்வளவு அழகு.

உறையூரான்

அண்ணே, ரயில் அழகுதான், யார் இல்லை என்றது. ஒரு மணிக்கு இறங்கி, முட்டி வலி உள்ள அம்மாவையும் நாலு வயசுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு விடியும் வரை கோட்டை ஸ்டேஷனில் உட்காரச் சொல்கிறீர்களா?

வெள்ளவத்தை வாசி

அக்கா, நான் கொழும்பில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வரும்போதெல்லாம் இந்த வேன் ஒழுங்கு பண்ணுகிற வேலை எனக்குத்தான் வந்து சேரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி விலை இல்லை, "ஹைவேயால் போவீர்களா, ஹைவே காசு சேர்த்துத்தானா" என்பதுதான். கட்டுநாயக்கவிலிருந்து பெந்தோட்டைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கொழும்புக்குள் இறங்கி காலி வீதியால் மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறை, பேருவளை என்று ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டு போவது. பகலில் அதில் போனால் நாலு மணித்தியாலம்கூட எடுக்கும். மற்றது முழுக்க ஹைவே. விமான நிலைய ஹைவேயில் ஏறி, கெரவலப்பிட்டியில் கொழும்பைச் சுற்றிப் போகிற பாதைக்கு மாறி, கடவத்தை, கொட்டாவை வழியாகத் தெற்கு ஹைவேக்கு வந்து வெலிப்பன்னவில் இறங்க வேண்டும். முந்தி கடவத்தைக்கும் கெரவலப்பிட்டிக்கும் நடுவில் ஹைவே இல்லை, 2019 கடைசியில்தான் அந்தத் துண்டும் திறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்புக்குள் போகவே தேவையில்லை. இரவில் இரண்டு மணித்தியாலம், கூடிப்போனால் அதற்கு மேல் கொஞ்சம். பாதை நேராக இருக்கும் என்பதால் சின்னவருக்கும் வயிற்றைப் பிரட்டாது. வெலிப்பன்னவில் இறங்கிய பிறகு வருகிற ஊர்ப் பாதைதான் கொஞ்சம் வளைவு, அந்த நேரம் பிள்ளை நித்திரையாக இருந்தால் நல்லது.

மலிவு விலைக்கு வருகிற சிலர் ஹைவே காசை மிச்சம் பிடிக்கக் காலி வீதியால் கொண்டுபோவார்கள், அல்லது ஹைவே வாசலில் வைத்து "சேர், டோல் வேற" என்பார்கள். அந்த நேரத்தில் இறங்கிச் சண்டை பிடிக்க முடியுமா? அதனால் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள். சில சாரதிகள் களுத்துறைப் போதியில் (வீதியோரத்து பௌத்த அரசமரக் கோயில்) உண்டியலுக்குக் காசு போடவென்றே காலி வீதியால் போகப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம், அவர்களின் நம்பிக்கை. திரும்பி வரும்போது பகலில் அப்படி ஒருமுறை போய்ப் பாருங்கள், எல்லா வாகனமும் நின்று நின்று போவதைப் பார்க்கலாம்.

வாகனம் பற்றி. இங்கே வேன் என்றால் பெரும்பாலும் டொயோட்டா கே.டி.எச்.தான் வரும். ஆறு பேருக்கும் பெட்டிகளுக்கும் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் மாமி ஏறுகிற படி உயரம். பக்கக் கதவைத் திறந்ததும் ஒரு படி இருக்கும், அதற்குக் கீழே இன்னொரு சின்னப் படி பூட்டிய வேன்களும் இருக்கின்றன, அப்படி இல்லாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுவருவார்கள். "வயசானவர் வருகிறார், படி வேண்டும்" என்று கேளுங்கள், வேனின் படத்தையும் வாட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முன் இருக்கையில் மாமியை இருத்தலாம் என்று நினைக்காதீர்கள், அதில் ஏறுவது இன்னும் சிரமம். பிள்ளைக்கு இருக்கை வேண்டுமென்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள்.

ஹோட்டல் வேனுக்கும் வெளி வேனுக்கும் வித்தியாசம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பல ஹோட்டல்களுக்குச் சொந்த வேன் கிடையாது, அவர்களும் அதே ஊர் சாரதியைத்தான் அனுப்புவார்கள். 90க்கு நீங்கள் வாங்குவது வேனை அல்ல, வேன் வராவிட்டால் இரவு வரவேற்பறையில் போன் எடுக்க ஓர் ஆள் இருப்பதைத்தான். உங்கள் நேரத்துக்கு அது காசு கொடுக்கக்கூடியதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த பிளஸ் பிளஸ் என்ன என்று கேளுங்கள். இங்கே ஹோட்டல் பில்லில் அது வழக்கமாக 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் அதன்மேல் 18 சதவீதம் வாட் வரியும். வேன் காசுக்கும் அதைச் சேர்த்தால் 90 என்றது 117க்குக் கிட்டப் போய்விடும். கடைசித் தொகையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வாகனத்துக்கா, ஒரு ஆளுக்கா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், சில ரிசார்ட்களில் தலைக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள்.

இன்னொன்று: உங்கள் ரிசார்ட் எந்தப் பக்கம்? பெந்தோட்டை ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு இருக்கிறது, அதில் இருக்கிற ஹோட்டலுக்குப் படகில்தான் ஆற்றைக் கடந்து போக வேண்டும். அப்படி என்றால் இரவு மூன்று மணிக்கும் படகு இருக்குமா என்று கேட்டுவிட்டே வேன் புக் பண்ணுங்கள்.

பல்லாவரம்காரி

அடேயப்பா, வெள்ளவத்தை சார், இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. எங்கள் ரிசார்ட் தரைவழியிலேயே போகக்கூடியதுதான், படகு வேண்டாம் (சின்னவன் கேட்டிருந்தால் படகுதான் வேண்டும் என்று அழுதிருப்பான்). உறையூர் தம்பி சொன்னபடி தேதியைத் தெளிவாக எழுதி, வெள்ளவத்தை சார் சொன்ன எல்லாவற்றையும் சேர்த்து ரிசார்ட்டுக்கு மறுபடி மெயில் போட்டிருக்கிறேன். வெளியே வந்ததும் டிரைவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் நூறு பேர் பெயர்ப் பலகை வைத்துக்கொண்டு நிற்பார்களாமே.

நீர்கொழும்பு நண்டு

நூறு பேர் இல்லை என்றாலும் நள்ளிரவிலும் கூட்டம் இருக்கத்தான் செய்யும். இமிக்ரேஷன் முடிந்ததும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அடுக்கி வைத்த டூட்டி ஃப்ரீ கடைகள் வரும், பிள்ளைகளோடு அங்கே நேரம் போக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். கஸ்டம்ஸ் தாண்டியதும் சிம் விற்கும் டயலொக், மொபிட்டல் கவுண்டர்கள், காசு மாற்றும் வங்கிகள் எல்லாம் இருக்கும். சிம் வாங்கிப் போட்டுக்கொண்டே டிரைவருக்கு வாட்சப் பண்ணுங்கள். பலகையில் உங்கள் வீட்டுக்காரர் பெயரா, உங்கள் பெயரா, யார் பெயரில் புக்கிங் என்பதை முதலே முடிவு பண்ணுங்கள். இங்கே ஹோட்டல் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. டிரைவர் பெயர், வண்டி நம்பர் இரண்டும் கிளம்பும் முன்னாடியே கையில் இருந்தால், "மேடம், உங்கள் வேன் நான்தான், வாங்க" என்று கூப்பிடும் யார் பின்னாடியும் போகத் தேவையில்லை. எதுவுமே சரிவராவிட்டால் அங்கேயே டாக்ஸி கவுண்டர்கள் இருக்கின்றன, வேனும் கிடைக்கும், பேரம் பேசும் தெம்பு மட்டும் வேண்டும்.

நான் கேட்க நினைத்தது வேறு. ரூம் எந்தத் தேதியிலிருந்து? 23 என்றால் செக்கின் மத்தியானம் 2 மணிக்கு. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து பதினொரு மணி நேரம் லாபியிலா இருப்பீர்கள்? அப்படியானால் முதல் இரவு எங்கள் நீர்கொழும்பில் தங்கிவிட்டுக் காலையில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போங்கள். ஏர்போர்ட்டிலிருந்து பக்கம்தான், இங்கேயும் கடல் இருக்கிறது.

பல்லாவரம்காரி

ரூம் 22லிருந்தே போட்டிருக்கிறோம், அந்தக் கவலை இல்லை.

நீர்கொழும்பு நண்டு

அப்படியென்றால் நல்லது. ஆனால் "23 அதிகாலை மூன்று மணிக்கு வருவோம், ரூமை வைத்திருங்கள்" என்று மெயிலில் ஒரு வரி சேருங்கள். 22 இரவு வரவில்லை என்று ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்ட கதைகள் கேட்டிருக்கிறேன், அதுவும் கிறிஸ்துமஸ் வாரம்.

பல்லாவரம்காரி

ரிசார்ட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. மொத்தம் 96 டாலர், ஹைவே காசு சேர்த்து, ஒரு வேனுக்கு, பிள்ளை இருக்கையோடு. படி இருக்கும் வேன் என்று படமும் அனுப்பியிருக்கிறார்கள், கீழே இரும்பில் ஒரு சின்னப் படி தெரிகிறது, மாமியாரிடம் காட்டினேன், "இது ஏறிடுவேன்" என்றார். டிரைவர் பெயரும் நம்பரும் முந்தின நாள் வருமாம். போகும்போது இதையே எடுத்துக்கொள்கிறோம். திரும்பி வர மட்டும் 58 டாலர் தளத்தில் போடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், அது பரவாயில்லையா? ஃபிளைட் 27ஆம் தேதி மாலை 5 மணிக்கு.

வெள்ளவத்தை வாசி

திரும்புவதற்கு அவசரப்பட்டு ஒன்றும் புக் பண்ண வேண்டாம். கூட்டிக்கொண்டு போகிற சாரதி நன்றாக ஓட்டினால், ஹோட்டல் வாசலில் இறங்கும்போதே 27ஆம் தேதிக்கு என்ன விலை என்று அவரிடமே கேளுங்கள், 58க்குப் பக்கத்தில்தான் சொல்வார். அவர் சரியில்லை என்றால் தளத்தில் போடலாம், பகலில் ஹோட்டலிலிருந்து ஏறுவது என்பதால் வண்டி பிந்தினாலும் வேறு பிடிக்க நேரம் இருக்கும். நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறை முடிந்து ஆட்கள் கொழும்புக்குத் திரும்புகிற நேரம், ஹைவேயும் நிரம்பலாம், அதனால் 11 மணிக்கே வெளிக்கிடுங்கள். சாரதி வழியில் "ஸ்பைஸ் கார்டன் பார்ப்போமா, ஜெம் கடை பார்ப்போமா" என்று கேட்டால் நேரமில்லை என்று சொல்லிவிடுங்கள். அங்கே அவருக்குக் கமிஷன் இருக்கும், நீங்கள் வாங்குகிற விலையில் அதுவும் சேர்ந்திருக்கும்.

ஜன்னலோரம்

27ஆம் தேதி பகல்தானே, திரும்பும்போதாவது ரயில்?

பல்லாவரம்காரி

சார், மாமனார் இதைப் படித்துவிட்டு "கேட்டுப் பாரும்மா" என்கிறார். நாலு பெட்டியையும் நீங்கள் தூக்குவதாக இருந்தால் யோசிக்கிறோம்.