தீயணைப்பு நிலையத்தில் டோன் அடித்ததும் என்ன நடக்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கட்டுப்பாட்டு அறையிலிருந்து:

பதினொரு வருடமாகத் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறேன். "வீடு எரியுது, நீங்க கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே" என்று யாராவது கத்தாத நாள் இல்லை. அந்தப் பதற்றம் நியாயமானதுதான். ஆனால் எங்கள் அறையில் அழைப்பை எடுப்பவர் வேறு, வண்டியை அனுப்புபவர் வேறு. முகவரியையும் எரிவது என்ன என்பதையும் நான் தட்டிய உடனே அது பக்கத்து மேசைத் திரையில் தெரியும். அவர் நிலையத்துக்கு டோன், அதாவது ஆட்களை எழுப்பும் ரேடியோ ஒலி, அடித்துவிடுவார். நான் "மாடியில் யாராவது இருக்காங்களா, சிலிண்டர் எங்கே இருக்கு" என்று கேட்கும்போது ஆட்கள் பூட்ஸுக்குள் கால் விட்டிருப்பார்கள். அந்தப் பதில்கள் வழியிலேயே ரேடியோவில் போய்ச் சேரும்.

இரண்டாவது வருடம், வண்டி அனுப்பும் மேசையில் நான். வீட்டு எண் எழுபத்திரண்டு. சைரனுக்கும் இன்ஜின் இரைச்சலுக்கும் நடுவே வண்டியில் கேட்டது எண்பத்திரண்டு. "சரி, கிளம்பிட்டோம்" என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். வண்டி அந்த வீட்டைத் தாண்டிப் போய், புகையைப் பார்த்துத் திரும்பியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் வண்டி திரும்பி வந்த அந்த நேரம் இன்னும் மனதை அறுக்கிறது. அன்றிலிருந்து "எழுபத்திரண்டு. ஏழு, இரண்டு" என்று இரண்டு விதமாகச் சொல்வேன். அவர்கள் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த வேலை.

நிலையத்தில் இருப்பவர்கள் உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள்.

நிலையத்திலிருந்து:

அண்ணா, எண் குழப்பம் எங்களுக்கும் நடந்திருக்கிறது. நான் டோனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பழைய நிலையத்தில் இரட்டை டோன் முறை. முதல் சுருதி 1 வினாடி, இரண்டாவது 3 வினாடி. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி ஜோடி. ரிசீவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், தன் ஜோடி வந்தால்தான் வாயைத் திறக்கும். பொருந்தியதும் சுவர்ப் பெட்டிக்குள் ரிலே என்கிற மின் சுவிட்ச் "டக்" என்று விழும். ஸ்பீக்கர் பேசுவதற்கு முன்பே அந்தச் சின்னச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்திருப்பேன். இடி இடித்தாலும் எழாதவன் நான்.

அந்த முறையில் அறை முழுக்க விளக்கு பளீரென்று எரியும், முழுச் சத்தத்தில் ஒலி வரும். நெஞ்சு படபடக்க ஓடுவோம். இப்போது இருக்கும் நிலையத்தில் டோன் மெதுவாகத் தொடங்கி ஏறுகிறது. இரவில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் எந்த வண்டிக்கு அழைப்போ அந்த ஆட்கள் படுத்திருக்கும் பக்கம்தான். சமையலறை அடுப்புக்கு எரிவாயு தானாக நின்றுவிடும். இதெல்லாம் சொகுசு என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் எங்களோடு இரவு டியூட்டி பார்க்கட்டும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ, தன் 1710 தரநிலையின் 2020 பதிப்பில், தீ அழைப்பு வந்து வண்டி நகர்வதற்கு 80 வினாடி என்று வைத்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, உடுப்பு மாட்டி, ஏறி உட்கார அவ்வளவுதான். தெளிந்த தலையோடு எழுகிறவன்தான் முகவரியைச் சரியாகக் கேட்பான்.

ரேடியோ பராமரிப்பவர்:

நான் தீயணைப்பவன் இல்லை, அவர்களுடைய செட்டுகளைப் பழுதுபார்ப்பவன். ஒரு கிடங்குத் தீ முடிந்த பிறகு பதிவைக் கேட்கக் கூப்பிட்டார்கள். உள்ளே போன குழுவின் குரல்: "ரெண்டாவது அறை பார்த்தாச்சு, உள்ளே ஆள்..." அதோடு நின்றுவிட்டது. சொல்ல வந்தது "உள்ளே ஆள் இல்லை". கடைசிச் சொல் வாயிலிருந்து வரும்போதே, பேசுவதற்கு அழுத்திப் பிடிக்கும் பட்டனை விரல் விட்டுவிட்டது. நம் மொழியில் "இல்லை" எப்போதும் கடைசியில்தானே வரும்! நல்ல வேளை, வெளியே இருந்த அதிகாரி "ஆள் இருக்கா, இல்லையா? திருப்பிச் சொல்லு" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் இன்னொரு குழு காலி அறையைத் தேடிப் புகைக்குள் போயிருக்கும்.

பேச்சின் தொடக்கமும் இப்படித்தான் போகும். பல குழுக்கள் சில சேனல்களைப் பகிர்ந்துகொள்ளும் டிரங்க் முறையில் பட்டனை அழுத்தியதும் சேனல் ஒதுக்க ஒரு கணம் ஆகும், அப்புறம் "பீப்" வரும். அதற்கு முன் பேசிய சொல் யாருக்கும் போகாது. அதனால் அழுத்து, பீப் கேள், பேசு, முடித்து ஒரு மூச்சு விட்டு எடு என்று சொல்லித் தருகிறேன். தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில் ரேடியோ கோபுரத்தின் சிக்னல் பெரும்பாலும் எட்டாது. அங்கே செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசும் சேனலுக்கு மாற வேண்டும். கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குமிழைத் திருப்பிப் பழகச் சொல்லுங்கள். புகைக்குள் டிஸ்ப்ளே தெரியாது.

தன்னார்வலர்:

நான் அழைப்பு வந்தால் வீட்டிலிருந்தே தீயணைக்க ஓடுகிறவன். டோனைப் பிடித்துத் தரும் பேஜரை ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் சார்ஜரில் வைத்திருந்தேன். இரண்டு வாரம் தொடர்ந்து சோதனை டோன் எனக்கு வரவில்லை, பேட்டரி என்று நினைத்து மாற்றினேன். அப்புறம் ஜன்னல் பக்கம் வைத்தேன், அன்றே வந்தது. வாராந்தரச் சோதனையை யாரும் "அது சும்மா" என்று விடாதீர்கள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து:

ரேடியோ பராமரிப்பவரே, அந்த "உள்ளே ஆள்..." படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. திருப்பிச் சொல்வது புதிதும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் 1852ல் தந்தி வழித் தீ எச்சரிக்கை வந்தது. தெருவில் இருந்த எச்சரிக்கைப் பெட்டியின் எண் மணி அடியாக நிலையத்தில் விழும். அதையும் ஒரே தடவை அடித்து விடமாட்டார்கள், மறுபடி மறுபடி அடிப்பார்கள். நாளை ஷிப்ட் மாறும்போது புதிதாக வந்திருக்கும் இரண்டு பேருக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டப் போகிறேன். இனிமேல் எங்கள் அறையில் "ஆள் இல்லை" என்பதற்குப் பதில் "அறை காலி" என்று கேட்டு வாங்கலாமா என்று அதிகாரியிடமும் பேசுகிறேன்.