எஃப்சிசி வரைபடத்தில் 1 ஜிபிபிஎஸ், வீட்டுக்கு லைன் கிடையாது: எல்பர்ட் கவுண்டி, ஜார்ஜியா

செம்மண்:
வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸுக்குக் கிழக்கே எல்பர்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். வாங்கும் முன்பு எஃப்சிசி (அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையம்) வெளியிடும் தேசிய பிராட்பேண்ட் வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்தோம். பச்சைப் புள்ளி, கேபிள், 1 ஜிபிபிஎஸ் வேகம் என்று காட்டியது. மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை, பகல் முழுக்க வீடியோ கால்.

கனெக்‌ஷன் கேட்டால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் மெயில் வந்தது: "ரோட்டோரப் பெட்டியிலிருந்து உங்கள் வீடு கால் மைல் உள்ளே இருக்கிறது, லைன் இழுக்க 14,000 டாலர்." வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குச் சேவை உண்டு என்று எழுதிக் கொடுத்ததும் இதே கம்பெனிதான். இப்போது ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறோம். பக்கத்து இரண்டு வீட்டிலும் இதே கதை. வரைபடத்தைத் திருத்த வழி உண்டா?

வரைபடக்காரன்:
தம்பி, வழி இருக்கிறது. அந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் ஆதாரமே அதுதான்.

எஃப்சிசி விதிப்படி, இணைப்பு இல்லாத வீட்டை "சேவை உண்டு" என்று பதிவு செய்ய வேண்டுமானால், கேட்ட 10 வேலை நாளுக்குள் கொடுக்க முடிய வேண்டும். லைனை நீட்டுவதற்கென்று தனியாகக் காசு வாங்கக் கூடாது. 14,000 டாலர் கேட்டார்கள் என்றால் உங்கள் வீடு அந்தப் பட்டியலிலேயே இருக்கக் கூடாது.

வரைபடத்தில் உங்கள் புள்ளியைத் தொட்டால் கம்பெனிகளின் பட்டியல் வரும். ஆட்சேபம் தெரிவிக்கும் இடமும் அங்கேயே இருக்கும். காரணமாக, வழக்கமான இணைப்புக் கட்டணத்துக்கு மேல் கேட்டார்கள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேகம் போதவில்லை என்று போட்டுவிடாதீர்கள், அது வேறு கணக்கில் போய்விடும், புள்ளி மாறாது. கேட்ட தேதி, கேட்ட விதம், அந்த மெயில் மூன்றையும் சேருங்கள். கம்பெனிக்கு 60 நாள் அவகாசம். பதிலே சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம், திருத்தியாக வேண்டும். மறுத்தால் உங்களோடு பேசித் தீர்க்க இன்னொரு 60 நாள். அப்படியும் தீராவிட்டால் எஃப்சிசி முடிவெடுக்கும்.

நான் ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபட வேலையில் இருப்பவன், இந்த விஷயம் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. முன்பெல்லாம் இதைவிட மோசம். ஒரு சென்சஸ் பிளாக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) ஒரே ஒரு வீட்டுக்கு லைன் கொடுக்க முடிந்தாலும் மொத்த பிளாக்கும் "சேவை உள்ள இடம்". ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு. நகரத்து பிளாக் நாலு தெருவுக்குள் அடங்கிவிடும், கிராமத்தில் அதுவே பல சதுர மைல். ஜார்ஜியா அதை ஏற்காமல் 2020-லேயே வீடு வீடாக, கடை கடையாகத் தன் வரைபடத்தைப் போட்டது. பிளாக்கில் 80 சதவீத இடங்களுக்காவது கிடைத்தால்தான் சேவை உண்டு என்று சேர்த்தது. எஃப்சிசியின் வீடுவாரி வரைபடம் 2022 நவம்பரில்தான் வந்தது.

இது வெறும் படம் இல்லை என்பதையும் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் பிராட்பேண்டுக்கு ஒதுக்கிய 4,245 கோடி டாலரை மாநிலங்களுக்குப் பிரித்ததே இந்த வரைபடத்தை வைத்துத்தான். 2023-ல் ஜார்ஜியாவுக்கு ஒதுக்கியது சுமார் 130 கோடி. பொய்யாகப் பச்சை காட்டிய வீடு அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

மேக்கன் மாமி:
அவர் சொன்னதோடு இன்னொன்று. உங்கள் கரண்ட் பில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். மின் கூட்டுறவுச் சங்கம் என்றால் உடனே அங்கே ஃபைபர் இன்டர்நெட்டுக்குப் பெயர் கொடுத்து வையுங்கள். 2019-ல் இந்த மாநிலத்தில் அதற்குச் சட்டமே போட்டார்கள், சங்கங்களும் இன்டர்நெட் தரலாம் என்று. சேவை இல்லாத பகுதியில் சங்கத்தின் கம்பத்தில் புதிதாகக் கேபிள் கட்ட, கம்பத்துக்கு வருஷம் 1 டாலர்தான் வாடகை என்றும் பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. எங்கள் பக்கம் ஃபைபர் வந்தது சங்கத்தால்தான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள், அதனால் மூன்று வீடும் சேர்ந்தே போங்கள்.

செம்மண்:
ரொம்ப நன்றி அண்ணா, மாமி. நேற்றே ஆட்சேபம் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: அந்தக் கம்பெனியை எடுத்துவிட்டாலும் சாட்டிலைட் இருப்பதால் புள்ளி பச்சையாகவே இருக்குமா? பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை, அவருக்கும் சேர்த்து நானே போடலாமா?

வரைபடக்காரன்:
சாட்டிலைட் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் காட்டும். வரைபடத்தின் ஃபில்டரில் கம்பிவழி மட்டும் என்று மாற்றிப் பாருங்கள், உண்மை நிலவரம் தெரியும். தாத்தாவுக்கு அவர் முகவரியில், அவர் பெயரிலேயே தனியாகப் போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அவரும் முதலில் கனெக்‌ஷன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். மூன்று வீட்டு மெயில்களின் நகலையும் கவுண்டி அலுவலகத்தில் கொடுங்கள். உள்ளாட்சிகள் மொத்தமாகவே ஆட்சேபம் போடலாம், உங்கள் ரோட்டில் இன்னும் யார் யார் இப்படி இருக்கிறார்கள் என்று அவர்களே கேட்டுச் சேர்க்க முடியும்.