உங்க எஸ்எஸ்டி எத்தனை வருஷம் உழைச்சுது? எப்படிப் போச்சு?

லேப்டாப் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சிப்புல டேட்டா வைக்கிற டிஸ்க், போடச் சொல்றவங்க பாதிப் பேர் கேக்கிறது இதுதான்: "எழுத எழுதத் தேஞ்சு போயிடுமாமே?" என்கிட்ட செத்து வர்ற டிஸ்க்ல அப்படித் தேஞ்சு செத்தது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் டிஸ்க்கை நடத்துற சிப்பான கன்ட்ரோலர்தான் காலை வாரும்.

சமீபத்துல ஒரு காலேஜ் பொண்ணு ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் இருந்த லேப்டாப்போட வந்துச்சு. முந்தின நாள் வரைக்கும் நல்லா ஓடியிருக்கு. பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் திரையில, பார்த்தா டிஸ்க்கோட மாடல் பேரைக் காணோம், அந்த இடத்துல "சாட்டாஃபர்ம் எஸ்11"னு நிக்குது. இதைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும். கன்ட்ரோலரால தன்னை இயக்குற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரையே ஏத்திக்க முடியலைன்னு அர்த்தம். ஃபர்ம்வேரை மறுபடி ஏத்தினா டிஸ்க் எழுந்துக்கலாம், உள்ள இருந்த டேட்டா போயிடும். ஹார்ட் டிஸ்க்காவது டக் டக்னு சத்தம் போட்டு எச்சரிக்கும், இது மூச்சே விடாது. டிஸ்க் நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல ஹெல்த் 97 சதவீதம்னு இருக்கேன்னு நம்பிடாதீங்க. அது முக்கியமா தேய்மானக் கணக்குதான், கன்ட்ரோலர் எப்ப போகும்னு அதுக்குத் தெரியாது.

*

அண்ணே சொல்றது சரி. நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். என்கிட்ட இருக்கிறது 1 டிபி சாம்சங் 870 இவோ. கம்பெனி வாரன்டி 5 வருஷம் அல்லது 600 டிபி எழுதுற வரைக்கும். தினம் 200 ஜிபி எழுதினாக்கூட அதைத் தொட எட்டு வருஷம் ஆகும். டெக் ரிப்போர்ட்ங்கிற வெப்சைட்காரங்க 2013ல ஆறு எஸ்எஸ்டியை எடுத்து, சாகற வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தாங்க. எல்லாம் 250 ஜிபி சுமாருக்கு உள்ளதுதான். முதல் டிஸ்க் விழுந்ததே 700 டிபி தாண்டித்தான். கடைசியா நின்ன சாம்சங் 840 ப்ரோ 2.4 பெட்டாபைட் (2,400 டிபி) வரை போச்சு.

என் பயம் வேற. வேலை முடிஞ்சதும் பழைய எஸ்எஸ்டியில காப்பி போட்டு பீரோவுல வச்சிடறோம் இல்லையா? மெமரி சிப்புக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்போட தரப்படி, எழுதுற எல்லையைத் தொட்டுட்ட டிஸ்க் கரன்ட் இல்லாம 30 டிகிரியில ஒரு வருஷம் டேட்டாவைக் காப்பாத்தினாலே போதும். சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். நம்ம ஊர் மே மாசத்துல பூட்டின ரூம் எவ்வளவு கொதிக்கும்! அதனால பழைய கல்யாணமெல்லாம் இப்ப ஹார்ட் டிஸ்க்ல, ரெண்டு காப்பி.

*

சர்வர் பக்கம் இருந்து ஒண்ணு சொல்றேன். 2019 நவம்பர்ல சர்வர் விக்கிற ஹெச்பிஇ கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டாங்க. அவங்க வித்த சில எஸ்எஸ்டிங்க சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துடும், டேட்டாவும் திரும்பாது, உடனே ஃபர்ம்வேரை மாத்துங்கன்னு. அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாள்ல மாட்டின டிஸ்க் எல்லாம் ஒரே நேரத்துல போனா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தட்டும்னு டிஸ்க்குகளைச் சேர்த்து மாட்டுற ரெய்டு என்ன செய்யும்? எங்க சர்வர் வேற கம்பெனிதான், இருந்தாலும் அன்னைக்கு ராத்திரியே எல்லா டிஸ்க்கோட பவர் ஆன் நேரத்தையும் எடுத்துப் பார்த்தோம். இப்ப ஜோடி போடும்போது வேற வேற தயாரிப்பு பேட்ச்ல வாங்கி, புதுசோட கொஞ்சம் ஓடினதைச் சேர்த்துத்தான் மாட்டுறோம்.