புதுப்பிப்பு: ரேசிங் சிமுலேட்டருக்குக் கடைசியில் என்ன வாங்கினேன்

கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கார் பந்தய ஆட்டத்தை ஓட்ட கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா, பிராசசரை மாற்றுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் கார்டு என்றீர்கள். நல்லவேளை, வாங்கும் முன் அளந்து பார்த்தேன்.

தனியாகச் சுற்றும்போது கார்டு 98% வேலை செய்கிறது. இருபது கார்களோடு முதல் வளைவுக்குள் நுழைந்ததும் அது 60%-க்கு இறங்கி, படம் திக்கித் திக்கி வருகிறது. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றால் திணறுவது பிராசசர்தான்.

என்னுடையது ஏஎம்4 (ஏஎம்டி பிராசசர்களுக்கான ஒரு சாக்கெட் வகை) மதர்போர்டு. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600 பிராசசரைப் போட்டேன், கார்டு பழையதேதான். விலை கூடிய 5800எக்ஸ்3டி மேல்தான் ஆசை, அதன் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இந்த மாதிரி ஆட்டங்களுக்கு நன்றாகவே உதவும். பட்ஜெட் விடவில்லை. அப்புறம் ஒரு வெட்கக்கேடு: இரண்டு ரேமையும் இத்தனை நாள் ஒரே சேனலில் செருகி வைத்திருக்கிறேன், சேனலுக்கு ஒன்றாகப் போட்டால்தான் இரண்டு வழியிலும் தரவு ஓடும்! அதையும் மாற்றியாயிற்று. பந்தயத் தொடக்கத்தில் இப்போது திக்கல் இல்லை. ஆட்டத்தில் காரின் பின்பக்கம் காட்டும் கண்ணாடிகளின் தரத்தை மட்டும் குறைத்து வைத்திருக்கிறேன், பின்னால் வருபவனை அழகாகப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

மிச்சப் பணம் லோட் செல் பிரேக்குக்குப் போனது. பெடல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை அல்ல, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அது அளக்கிறது. முதல் நாள் ஓங்கி மிதித்தேன், நாற்காலியோடு பின்னால் உருண்டு போனேன். இப்போது நான்கு சக்கரங்கள் பழைய ஷூக்களுக்குள் நிற்கின்றன. ஐந்தாவதற்குச் செருப்பு.